தொட்டியில் பூத்தது

(திண்டிவனத்தில் ஐப்பசி ஞாயிறு ஒன்றில், வீட்டுத் தோட்டக்காரர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பூசணத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பொழுது வாய்க்காது. நீங்கள் வீடு திரும்புவதற்குள் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருவர் விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வந்தார். மடியில் தினத்தாள் சுற்றிய ஒரு தொட்டி. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம், அதைக் கைக்குழந்தையைப் போல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "சார், செடிக்கு என்னமோ வந்துடுச்சு. மண்ணு மேல பஞ்சு மாதிரி பூத்திருக்கு, பாருங்க" என்றார். தாளைப் பிரித்தேன். ஸ்நேக் பிளான்ட். இலைகள் ஒவ்வொன்றும் வாள் போல விறைப்பாக நிற்கின்றன. மண்ணின் மேல்தான், தலையணை உறை கிழிந்து பஞ்சு எட்டிப்பார்ப்பது போல, வெள்ளைப் பூசணம்.

"செடிக்கு ஒன்றும் வரலியேம்மா. எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்துறே?" என்று கேட்டேன்.

"தினமும் காலையில ஒரு டம்ளர் சார். நான் காபி குடிக்கும்போது அதுக்கும் ஊத்திடுவேன். நாம மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கும்?"

அந்த ஒரு டம்ளரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நடுவில் திருவக்கரை வரை போய்வருவேன், மரக்காணம் உப்பளத்தையும் எட்டிப்பார்ப்பேன். மல்லாட்டைக் கொல்லையிலும், அதாவது நிலக்கடலைக் கொல்லையிலும், கொஞ்ச நேரம் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு நேர்வழியில் நடக்க வராது.

முதலில் அந்தப் பெண் சொன்ன சொல்லைப் பாருங்கள். "பூத்திருக்கு" என்றார். மல்லிகையும் பூக்கிறது, பழைய சோற்றில் பூசணமும் பூக்கிறது, சுவரில் உப்பும் பூக்கிறது, அணைந்த நெருப்பின் மேல் சாம்பலும் பூக்கிறது. உள்ளே இருந்த ஒன்று தன் காலம் வந்ததும் மேலே வந்து முகம் காட்டுவதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. பூசணத்தைப் பொறுத்தவரை இது அறிவியலுக்கும் சரியாகப் பொருந்துகிறது. நீங்கள் காணும் வெள்ளைப் பஞ்சு நேற்றைக்கு எங்கிருந்தோ வந்து குடியேறியதல்ல. அதன் இழைகளும் வித்துகளும் தொட்டி மண்ணில் முதல் நாளிலிருந்தே இருந்தன. தொழுவுரத்தோடு வந்தன, தென்னை நார்த்தூளோடு வந்தன, காற்றில் மிதந்து வந்தன. ஈரமும் தீனியும் அசையாத காற்றும் ஒன்றாகக் கிடைத்த அன்று மேலே வந்து பூத்தன.

இந்தப் பூசணத்தில் பெரும்பகுதி மட்குண்ணி. செத்ததைத் தின்னும், உயிருள்ள வேரின் பக்கம் போகாது. இலைச்சருகு, மரத்தூள், சாணத்தில் மிஞ்சிய வைக்கோல் நார், இவற்றை உடைத்து, அவற்றுக்குள் பூட்டிக்கிடக்கும் சத்தைச் செடி உறிஞ்சும் வடிவத்துக்குக் கொண்டுவருவது இதன் வேலை. மட்கிய எரு என்று காசு கொடுத்து வாங்குகிறோமே, அதை மட்க வைத்ததில் பாதிக் கூலி பூசணத்துக்குச் சேர வேண்டியது. நம் வரவேற்பறைக்குள் வந்து வேலை செய்வதால் மட்டும் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

இது இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். நம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்தில், திருவக்கரை இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமியன்று கூட்டம் கூட்டமாகப் போகிறோம். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவில் இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்கவேண்டாம், சங்கடமாக இருக்கும். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த மரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. பட்டையின் கோடு தெரிகிறது, ஆண்டு வளையம் தெரிகிறது, கிளை முறிந்த கணு தெரிகிறது. தட்டினால் கல். அம்மன் வதம் செய்த அசுரனின் எலும்புகள் அவை என்று ஊரில் ஒரு கதை உண்டு. மண்ணியல்காரர்கள் சொல்லும் கதை வேறு. பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலும் வண்டலும் மூடிச் சட்டென்று புதைந்துபோயின. புதைந்த இடத்தில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் மரத்தைத் தின்னும் பூசணத்துக்கும் வாழ்வில்லை. அந்த அவகாசத்தில் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் புகுந்து படிந்து, மரத்தை அதன் அச்சிலேயே கல்லாக வார்த்துவிட்டது.

அதாவது, பூசணம் போய்ச்சேர முடியாத மரம் கல்லானது. அது போய்ச்சேர்ந்த கோடானுகோடி மரங்கள் மண்ணாகி, அந்த மண்ணில்தான் நாமும் நம் மல்லாட்டையும் நிற்கிறோம். மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னின் என்ற பொருளை முழுக்க உடைத்துத் தின்னத் தெரிந்த உயிர்கள் மிகக் குறைவு. அவற்றில் முதல் வரிசை பூஞ்சைகளுக்கு. ஆக, தொட்டி மண்ணில் வெள்ளையாக எதையாவது பார்த்தால், திருவக்கரையை ஒரு கணம் நினைத்துக்கொண்டு, பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதற்றம் குறைந்த பிறகு செய்யவேண்டிய முதல் வேலை, அது பூசணம்தானா என்று பார்ப்பது. இந்தப் பகுதியில் இது சின்ன விஷயமில்லை. கிழக்கே போனால் மரக்காணம், பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் ஊர். கடலோரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தாலும் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் கடினத் தண்ணீர்தான். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகக் கட்டிப்போகிறதே, அதே உப்பு தொட்டி மண்ணிலும் கட்டும். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மேலேயே தங்கிவிடும். மண்தொட்டியாக இருந்தால் வெளிப்பக்கச் சுவரிலும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். என்னிடம் "பூசணம்" என்று கொண்டுவரப்படும் தொட்டிகளில் கணிசமானவை உப்புத் தொட்டிகள்தாம்.

வேறுபடுத்துவது எளிது. ஒரு தென்னங்குச்சியால் சுரண்டிப் பாருங்கள். உப்பென்றால் சுண்ணாம்புப் பொருக்கு போல உடையும், விரலில் நெருடும். பூசணமென்றால் நூலாம்படை போல இழுபடும், குச்சியில் சுற்றிக்கொள்ளும், மூக்கருகே வைத்தால் மழைக்காலத்து அலமாரி வாசம் அடிக்கும். உப்புக்கு மருந்து வேறு. மேல் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைத் தண்ணீரைப் பிடித்துத் தாராளமாக ஊற்றி, அடி ஓட்டை வழியே வடியவிட்டு உப்பைக் கழுவிவிட வேண்டும். அப்படித் தாராளமாக ஊற்றினால் பூசணம் கொண்டாடும். நோய் எது என்று தெரியாமல் வைத்தியம் செய்யக்கூடாது என்பது செடிக்கும் பொருந்தும்.

சரி, பூசணம்தான் என்று தெரிந்துவிட்டது. ஏன் வந்தது?

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். மயிலம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் ஒரு பிடி மண்ணை அள்ளினால், உங்கள் தொட்டியில் இருப்பதைவிட அதிக வகைப் பூஞ்சைகள் அதில் இருக்கும். ஆனால் அங்கே மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சு பூத்து நிற்பதை எப்போதாவதுதான் பார்க்க முடியும். வெயில் மேல்மண்ணைப் பொரித்துவிடுகிறது. காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. பூஞ்சையைத் தின்னும் பூச்சி புழுக்கள் வேறு. நம் வீட்டுக்குள் இவை மூன்றும் கிடையாது. டிவிக்குப் பக்கத்தில் முக்காலி, முக்காலியின் மேல் பளபளக்கும் பீங்கான் தொட்டி. ஜன்னல் கொசுவுக்குப் பயந்து மூடிக்கிடக்கிறது.

அந்த இடத்தில் செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? வெளிச்சம் குறைந்தால் செடியின் வேலை குறையும், வேலை குறைந்தால் தாகம் குறையும். ஸ்நேக் பிளான்ட் இன்னும் ஒரு படி மேலே. வறட்சி தாங்கும் ஆப்பிரிக்கச் செடி அது. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும், ஈரம் வீணாகிவிடக் கூடாது என்று. கிழங்கிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கஞ்சனுக்குத் தினமும் ஒரு டம்ளர்! செடி தொடாத தண்ணீரை யார் குடிப்பது? பூசணம் குடிக்கிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செடி செழிப்பாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். அதில் ஆச்சரியத்துக்கு எதுவுமில்லை, நீங்கள் ஊரில் இல்லாததுதான் காரணம்.

மண்தொட்டியைப் பற்றி இங்கே ஒரு சொல். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானைச் சுவரின் நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்தொட்டிக்கும் அதே சுபாவம். நாலு பக்கமும் மூச்சு விடும். பிளாஸ்டிக்கும் மெருகிட்ட பீங்கானும் மூச்சு விடாது, ஈரத்துக்கு மேல்வாய் ஒன்றுதான் வழி. விழுப்புரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பொங்கல் பானை வனையும் குயவர்கள் தொட்டியும் வனைந்து தருவார்கள். அழகுக்குப் பீங்கான்தான் வேண்டுமென்றால், செடியை மண்தொட்டியில் வைத்து, அந்த மண்தொட்டியைப் பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள்.

அடுத்த காரணம் நம் கை. வீட்டில் எது மிஞ்சினாலும் தொட்டியில் போடும் பழக்கம் நமக்கு. வடிகட்டிய டீத்தூள், அரிசி கழுவிய கழனித் தண்ணீர், புளித்த மோர், முட்டை ஓடு, வாழைப்பழத் தோல். மாடியில், வெயிலில், பெரிய தொட்டியில் இவையெல்லாம் நல்ல உரம். வீட்டுக்குள் இருக்கும் ஆறு அங்குலத் தொட்டியில் அப்படியே பூசண விருந்து.

நானே பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், கடலைப் பிண்ணாக்கைத் தூளாக்கி வரவேற்பறைத் தொட்டிகளில் ஒரு கைப்பிடி வீதம் தூவினேன். மூன்றாம் நாள் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முதலில் வெள்ளை பூத்தது, அதன் மேல் கறுப்புப் பொடி பூத்தது, பிறகு வாசம் புறப்பட்டது. மாப்பிள்ளையின் தாயார் மிகுந்த மரியாதைக்காரர், "வீட்டுல மாடு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு விவரிக்க மாட்டேன். பிண்ணாக்கு போடுவதென்றால் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்துத் தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, மாடியில் இருக்கும் செடிக்கு ஊற்றுங்கள். வீட்டுக்குள் வேண்டாம்.

தென்னை நார்த்தூளுக்கும் இதில் பங்கு உண்டு. நர்சரியில் விற்கும் தொட்டிக் கலவையில் பாதி அதுதான். நன்றாக மட்காத நார்த்தூள் என்றால் அதை மட்க வைக்கப் பூஞ்சை வந்தே தீரும். தேங்காய் நார்க் கழிவு மலை போல் குவிந்து கிடந்ததை உரமாக்க, காளான் குடும்பத்தைச் சேர்ந்த புளூரோட்டஸ் என்ற பூஞ்சையைத்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கயிறு வாரியமும் பயன்படுத்துகின்றன. சிப்பிக் காளான் சாப்பிடுகிறோமே, அந்த இனம். ஆலையில் காசு கொடுத்துச் செய்வதை உங்கள் தொட்டியில் ஒருவன் சும்மா செய்துகொண்டிருக்கிறான்.

பிறகு மழை. 2024 நவம்பர் 30 இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை. வீடுகளுக்குள் தண்ணீர், நாள்கணக்கில் கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை, வெயில் இல்லை. அந்த டிசம்பரில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி பூசணத்தைப் பற்றி. தொட்டியில் மட்டுமா, தோல் செருப்பில், புத்தக முதுகில், பூஜை அறைச் சந்தனக்கட்டையில்கூடப் பூத்தது. அப்படிப்பட்ட மழைக்காலத்தில் வீட்டுச் செடிக்குத் தண்ணீரே ஊற்றாமல் மூன்று வாரம் விட்டாலும் பெரும்பாலானவை அசையாது.

இப்போது மல்லாட்டைக்கு வருகிறேன். மணிலாக்கொட்டை என்ற சொல் நம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்தின் பெயர் இந்தியா முழுவதும் மல்லாட்டை பயிரிடும் விவசாயிகளின் வாயில் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ரகங்கள் உண்டே, அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பது. இங்கிருக்கும் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் உலகுக்குக் கொடுத்த முகவரி அது. டி.எம்.வி. 2 வெளியானது 1940இல். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை விவசாயிகள் அதை விதைத்திருக்கிறார்கள்.

மல்லாட்டைக்கும் பூசணத்துக்கும் தீராத பகை. முளைத்து வரும்போதே கழுத்தை அழுக வைக்கும் ஒரு கறுப்புப் பூஞ்சை உண்டு. வளர்ந்த செடியின் தண்டடியை அழுக வைக்கும் இன்னொன்று உண்டு, அதன் பெயர் ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி. அறுவடைக்குப் பின் ஈரத்தோடு மூட்டை கட்டினால் பருப்பில் பச்சைப் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்துவிழ, காரணம் தேடிப்போனவர்கள் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் அந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே பூசணம் பிடித்த மல்லாட்டையைச் "சும்மா கிடக்குதே" என்று வறுத்துத் தின்னாதீர்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

இந்தப் பகையைத் தீர்க்க வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் விவசாயிகளுக்குப் பரிந்துரைப்பது என்ன தெரியுமா? இன்னொரு பூசணம். டிரைக்கோடெர்மா விரிடி. ஒரு கிலோ விதைப்பருப்புக்கு 4 கிராம் கலந்து விதைக்கச் சொல்கிறார்கள். ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்தில் கலந்து மண்ணில் இடச் சொல்கிறார்கள். இந்தப் பூஞ்சை எதிரிப் பூஞ்சையின் இழையைப் பாம்பு போலச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைத்து உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும். டிரைக்கோடெர்மா என்ற பெயர் 1794லேயே வைக்கப்பட்டுவிட்டது. அது மற்ற பூஞ்சைகளைத் தின்னும் என்று வைண்ட்லிங் என்ற ஆராய்ச்சியாளர் காட்டியது 1932இல்.

வீட்டுத் தொட்டிக்கும் இது நல்லது. உரக்கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். ஒரு தேக்கரண்டிப் பொடியை ஒரு பிடி உலர்ந்த மட்கிய எருவில் கலந்து, மேல்மண்ணைக் கிளறிச் சேர்த்துவிடுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், அது உயிருள்ள பொருள். ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்படிப் போட்ட ஒரு நண்பர் பத்து நாள் கழித்து என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "வெள்ளைப் பூசணம் போகட்டும்னு நீ சொன்ன மருந்தைப் போட்டேன். இப்ப பச்சைப் பூசணம் வந்திருக்குது!" அந்தப் பச்சைதான்யா மருந்து என்று சொன்னேன். டிரைக்கோடெர்மா வெள்ளையாகக் கிளம்பிப் பச்சையாகப் பூக்கும். அவர் அதை டெட்டால் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

எந்தப் பூசணத்துக்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மல்லாட்டையின் தண்டழுகலுக்குக் காரணமான அதே ஸ்கிளிரோஷியம், கொல்லை மண்ணை அள்ளித் தொட்டி நிரப்பினால் வீட்டுக்கும் வரும். அடையாளம் தெளிவானது. வெள்ளை இழை மண்ணோடு நிற்காமல் தண்டின் அடியில் விசிறி போல ஏறும். அதில் கடுகு போன்ற உருண்டைகள் தோன்றும், முதலில் வெள்ளையாக, பிறகு பழுப்பாக. இலை மஞ்சளாகித் தொங்கும். கடுகைக் கண்டால் செடியோடு மண்ணையும் ஒரு பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தக் கடுகு மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதேபோல, விதை போட்ட நாற்றுத் தட்டில் வெள்ளை படர்ந்து நாற்றுகள் தரையோடு சாய்ந்தால் அது நாற்றழுகல். வளர்ந்த செடிக்கு நீங்கள் தரும் சலுகையை நாற்றுக்குத் தரமுடியாது. உடனே தண்ணீரை நிறுத்திக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

மற்றபடி, பஞ்சுப் பூசணத்துக்கு என்ன செய்வது? அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு தேக்கரண்டியால் மேல்மண்ணை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்து எடுங்கள். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, பால்கனியில் வைத்துச் செய்யுங்கள். தூசியாகப் பறக்கவிடாதீர்கள். எடுத்த மண்ணை மாடியில் தாளில் பரப்பி நல்ல வெயிலில் காயவிட்டால் திரும்பப் பயன்படுத்தலாம். தொட்டிக்குக் காய்ந்த புதுமண் போட்டு, ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு, ஈரம் தட்டாத அன்று மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். விரல் அழுக்காகும் என்பவர்கள் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்த தொட்டிக்கும் நனைந்த தொட்டிக்கும் உள்ள கனம் இரண்டே வாரத்தில் கைக்குப் பழகிவிடும். ஊற்றும்போது அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள். தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மேல்மண் எப்போதும் நனைந்தே கிடக்கும், அடி வேர் காய்ந்தே கிடக்கும்.

ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச்சில் வைத்தால் போதும். தொட்டியில் பாதிக்குக் கருங்கல் ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்பது தவறான எண்ணம். தண்ணீர் மண்ணிலிருந்து ஜல்லிக்குச் சட்டென்று இறங்காது, ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேரின் பங்கு மண் குறைந்ததுதான் மிச்சம்.

மஞ்சள்தூள், பட்டைத்தூள் தூவலாமா என்று கேட்பீர்கள். தூவலாம். இரண்டுக்கும் பூஞ்சையை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு. மேலே பூத்தது மறையும், கீழே ஈரம் அப்படியே இருந்தால் அடுத்த வாரம் திரும்ப வரும். கடையில் பட்டை விற்கும் விலைக்கு இது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வயலுக்கு வாங்கிய பூஞ்சைக்கொல்லியைப் படுக்கையறைத் தொட்டியில் தெளிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். குழந்தைகள் தொட்டுத் திரியும் இடம் அது.

ஈரத் தொட்டியிலிருந்து குட்டிக் குட்டியாய்க் கறுப்பு ஈக்கள் எழுந்து மூக்கருகே பறக்கும். பூசணம் தின்னும் ஈ அது, அதன் புழு பூசணம் போதாதபோது இளம்வேரையும் கடிக்கும். மேல்மண் காய்ந்தால் முட்டை பிழைக்காது. கடையில் கிடைக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகினால் பறப்பவை மாட்டும். கொசுப் புழுவைக் கொல்லும் பாசில்லஸ் வகை பாக்டீரியா ஒன்று இந்த ஈயின் புழுவையும் கொல்லும். அதில் ஒரு ரகத்தை நம் பக்கத்து ஊரான புதுச்சேரியின் கொசு ஆராய்ச்சி நிலையமே கண்டெடுத்திருக்கிறது. சில சமயம் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் அழகான குடைக்காளான் முளைக்கும். செடிக்கு அதனால் தீங்கில்லை. தின்னக்கூடாது, குழந்தை எட்டும் இடமென்றால் பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக உடல்நலம். 2021 மே மாதம் "கருப்புப் பூஞ்சை" என்ற சொல் நம் எல்லோர் வீட்டிலும் புகுந்தது. அப்போது பயந்துபோய் எத்தனையோ பேர் தொட்டிகளைத் தெருவில் தூக்கிப் போட்டார்கள். அந்தப் பூஞ்சையின் இனம் மண்ணிலும் அழுகும் பழத்திலும் எப்போதும் இருப்பதுதான். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்த உடம்பில்தான் அது வெறிகொண்டது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குத் தொட்டிப் பூசணத்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருந்தால், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் இருந்தால், அவர் படுக்கும் அறையில் தொட்டி வேண்டாம். இப்படிப்பட்ட நோயாளிகளின் அறைக்குள் மருத்துவமனைகள் தொட்டிச் செடியை அனுமதிப்பதில்லை. இதில் மட்டும் என் "பதறாதீர்கள்" செல்லாது.

அந்த விழுப்புரத்து மாணவியின் தொட்டியை மேல்மண் வழித்து, இரண்டு நாள் என் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்து கொடுத்தனுப்பினேன். காபி நேரத்தில் கை சும்மா இருக்க மறுக்கிறது என்கிறார். அந்த ஒரு டம்ளரைப் பால்கனியில் இருக்கும் துளசிக்கு ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு வெயில் இருக்கிறது, அது குடிக்கும்.

இப்போது நீங்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். செருப்பைக் கழற்றிய கையோடு, தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டைப் பாருங்கள். அதில் தண்ணீர் நின்றால் இன்றிரவே கொட்டிவிடுங்கள்.